ஏர்டிராப் பெறும் வழிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

துரைப்பாக்கம் வாசகர்: கையில் உள்ள சேமிப்பைத் தொடாமல் ஏர்டிராப் பெற முடியுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு கிரிப்டோ திட்டம் தன் டோக்கனை, அதாவது தானே உருவாக்கும் மின்னணு நாணயத்தை, வெளியிடும்போது, அதுவரை தன்னைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு பங்கை இலவசமாக ஒதுக்குவதே ஏர்டிராப். 2020 செப்டம்பரில் டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப், அம்மாதம் முதல் தேதிக்கு முன் தன் தளத்தைப் பயன்படுத்தியிருந்த வாலட் (கிரிப்டோவுக்கான மின்பணப்பை) ஒவ்வொன்றுக்கும் 400 டோக்கன் வழங்கியபோது, அப்படியொன்று வரும் என்று பெற்றவர்களில் பெரும்பாலோர் நினைத்திருக்கவில்லை. இன்றோ எல்லோரும் எதிர்பார்த்தே பயன்படுத்துகிறார்கள். அதனால் நிபந்தனைகளும் இறுகிவிட்டன. 2023 மார்ச்சில் டோக்கன் வழங்கிய ஆர்பிட்ரம், எத்தனை வெவ்வேறு மாதங்களில் பரிவர்த்தனை நடந்தது, மொத்தம் எத்தனை, அவற்றின் மதிப்பு எவ்வளவு என்றெல்லாம் புள்ளி போட்டு, தகுதி பெற்றவர்களுக்கு 625 முதல் 10,250 டோக்கன் வரை பிரித்தளித்தது. அந்தக் கணக்கெடுப்பு பிப்ரவரி 6 அன்றே முடிந்துவிட்டதால், அறிவிப்பைப் பார்த்தபின் ஓடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சேமிப்பைத் தொட விரும்பாதவருக்கு நான் முதலில் சொல்வது டெஸ்ட்நெட்தான். சோதனை வலையமைப்பில் புழங்கும் நாணயத்துக்கு மதிப்பில்லை என்பதால், செலவாவது நேரம் மட்டுமே. ஆப்டோஸ் 2022 அக்டோபரில் தன் சோதனைக் கட்டத்தில் பங்கேற்றவர்களுக்கு டோக்கன் வழங்கியது. உங்கள் பகுதியில் மென்பொருள் வேலை செய்பவர்கள் அதிகம் என்பதால் இன்னொன்றையும் குறிப்பிடுகிறேன்: 2024 பிப்ரவரியில் ஸ்டார்க்நெட், கிட்ஹப்பில் திறந்த மூலநிரல் திட்டங்களுக்குப் பங்களித்தவர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. நாணயத்தை வலையமைப்பில் பூட்டிவைக்கும் ஸ்டேக்கிங் செய்பவர்களுக்கும் சில திட்டங்கள் தருகின்றன. ஆனால் அதில் பணம் முடங்கும், நாணயத்தின் விலையும் இறங்கலாம்.

பெரம்பூர் கல்லூரி மாணவர்: டெலிகிராம் விளையாட்டுகளில் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தால் உண்மையிலேயே பணம் வருமா?

வந்ததுண்டு, 2024 மே மாதத்தில் நாட்காயின் என்ற விளையாட்டின் நாணயம் டோக்கனாக மாறிச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு விளையாட்டான ஹாம்ஸ்டர் காம்பாட் டோக்கன் வழங்கியபோது, மாதக்கணக்கில் தட்டியவர்களில் பலர் கைக்கு வந்த தொகையைப் பார்த்து நொந்துபோனார்கள். தேர்வு நேரத்தில் வேண்டாம்.

அம்பத்தூர் வாசகர்: பத்து வாலட் வைத்துப் பத்து மடங்கு பெறலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

கூடாது. ஒருவரே பலராக வேடமிடுவதைச் சிபில் என்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. பத்து வாலட்டுக்கும் ஒரே முகவரியிலிருந்து பணம் போயிருக்கும், எல்லாமே ஒரே வரிசையில், சில நிமிட இடைவெளியில் இயங்கியிருக்கும். பரிவர்த்தனைகளின் பொதுப் பதிவேடான பிளாக்செயினில் இவை அழியாமல் பதிந்திருக்கும். 2024இல் லேயர்ஜீரோ, தாமே முன்வந்து ஒப்புக்கொள்ளும் சிபில்களுக்கு உரிய பங்கில் 15 சதவீதம் தருவதாகவும், ஒப்புக்கொள்ளாமல் சிக்குபவர்களுக்கு எதுவும் இல்லை என்றும் அறிவித்தது. பத்து வாலட்டுக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டும் கேஸ் (gas) கட்டணம் மட்டும் உறுதியான செலவு.

நங்கநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்: நான் வாங்காத டோக்கன் ஒன்று என் வாலட்டில் வந்திருக்கிறது. அதன் பெயரே ஓர் இணையதள முகவரியாக இருக்கிறது. அங்கே சென்று பரிசைப் பெறலாமா?

ஐயா, தயவுசெய்து அந்த முகவரியைத் திறக்காதீர்கள். டோக்கன் வாலட்டில் கிடப்பதால் மட்டும் தீங்கில்லை. அதை விற்கவோ மாற்றவோ நீங்கள் அந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகவே அனுப்பியிருக்கிறார்கள். போனவுடன் வாலட்டை இணைக்கச் சொல்லி, கையெழுத்துக்கான சிறு பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்றோ, செலவு வரம்பில் 'அன்லிமிடெட்' என்றோ இருந்தால், உங்கள் டோக்கன்களை எடுத்துக்கொள்ளும் உரிமையை எழுதித் தருகிறீர்கள் என்று பொருள். கட்டணம் கேட்கவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. 'பெர்மிட்' வகைக் கையெழுத்துக்குக் கட்டணமே கிடையாது, அதை வைத்தே டோக்கனை உருவிவிடலாம். 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புச் சொற்றொடரைக் கேட்பவர் யாராயினும் திருடரே.

'இன்றே கடைசி' என்ற அவசரத்தை ஆடித் தள்ளுபடிக்கு தி.நகரில் ஏற்றுக்கொள்ளலாம், ஏர்டிராப்பில் நம்ப வேண்டாம்; ஆர்பிட்ரம் தன் டோக்கனைப் பெற ஆறு மாத அவகாசம் கொடுத்திருந்தது. ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டால், ஈதர்ஸ்கேன் தளத்தின் டோக்கன் அனுமதிப் பக்கத்தில் அதை ரத்து செய்யலாம். சொற்றொடரையே கொடுத்துவிட்டவருக்கு ரத்து உதவாது; எஞ்சியதைப் புதிய வாலட்டுக்கு உடனே மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் அளியுங்கள். ஏர்டிராப் தேடலுக்கு இனி சிறு தொகை மட்டும் உள்ள தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி வாசகி: இலவசமாக வந்ததற்கும் வரி உண்டா?

உண்டு, அம்மா. டோக்கன் கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பை வருமானமாகக் காட்டுவதே பாதுகாப்பான வழி. ஆகவே அன்றைய விலையைத் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். விற்றால் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரியும் அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் கட்ட வேண்டும். கேஸ் கட்டணத்தைக் கழிக்க இயலாது. ஒரு டோக்கனில் கண்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் சட்டம் இடம் தரவில்லை. இந்திய எக்ஸ்சேஞ்சில் விற்கும்போது பிடிக்கப்படும் 1 சதவீத டிடிஎஸ், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறை அறிக்கையில் வந்திருக்கிறதா என்று கணக்குத் தாக்கல் செய்யும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.