கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்

பாட்காஸ்ட் ஒலிப்பதிவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எடிட்டிங் விஷயங்களை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரை வைத்தே விளக்கியிருக்கிறோம். அது இலவசம் என்பதால் எல்லோரும் செய்து பார்க்கலாம்.

கேள்வி: எட்டாயிரம் ரூபாய்க்கு யூஎஸ்பி மைக் வாங்கினேன். ஹாலில் மேசை மேல் வைத்துப் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது. இதைவிட நல்ல மைக் எது? – மதுரை வாசகி

பதில்: மைக்கை விட்டுவிடுங்கள், இடத்தை மாற்றுங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஷோகேஸ் உள்ள ஹாலில் உங்கள் குரல் மைக்குக்கு இரண்டு வழியில் வந்து சேர்கிறது. வாயிலிருந்து நேராக ஒரு முறை. சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பிப் பல முறை. திரும்பி வரும் பங்கு கூடினால் கிணறுதான்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். எதிரொலி ஏறக்குறைய அப்படியே நிற்கும். 40 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். அதே அளவுக்கு மைக்கின் கெயினை, அதாவது குரலை எவ்வளவு ஏற்றிப் பதிவு செய்வது என்ற அளவைக் குறைத்துவிடுங்கள். குரல் பழைய அளவிலேயே இருக்கும். எதிரொலியும் தெருச் சத்தமும் 12 டெசிபல் இறங்கிவிடும். கையால் அளப்பதானால் அரைச் சாணிலிருந்து முக்கால் சாண் வரை.

அடுத்து, மைக்கின் எந்தப் பக்கம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள். மேசை மேல் நிமிர்ந்து நிற்கும் யூஎஸ்பி மைக்குகளில் பல, பக்கவாட்டில் குரலை வாங்குபவை. பெரும்பாலும் கம்பெனி முத்திரை உள்ள பக்கமே முன்பக்கம். ஐஸ்கிரீம் சாப்பிடுவது போல உச்சியைப் பார்த்துப் பேசினால் குரல் மங்கித்தான் வரும். பின்னால் திருகு இருந்தால் இதய வடிவக் குறியில் வையுங்கள். அதுதான் கார்டியாய்ட், முன்னால் இருப்பதை வாங்கும், பின்னால் வருவதைப் பெருமளவு தள்ளிவிடும்.

போர்வை தொங்கவிடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, அதை மைக்குக்குப் பின்னால் கட்டுவது. கார்டியாய்ட் மைக்குக்கு அந்தப் பக்கம் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே கனமான போர்வையோ ஜமுக்காளமோ முதலில் உங்கள் முதுகுப் பக்கம் வர வேண்டும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாலும் சரி. மெத்தை உள்ள படுக்கையறை ஹாலைவிட எவ்வளவோ மேல். சுவரில் முட்டை அட்டை ஒட்டும் யோசனையை மறந்துவிடுங்கள். அவ்வளவு மெல்லிய அட்டையால் குரலின் கீழ்ப்பகுதியை விழுங்க முடியாது, தூசிதான் சேரும்.

கேள்வி: ஃபேனை நிறுத்தாமல் பதிவு செய்ய வழி உண்டா? – வேலூர் வாசகர்

பதில்: இல்லை. பத்து நிமிடம் பேசுங்கள், நிறுத்துங்கள், ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள், மறுபடி பேசுங்கள். ஒவ்வொரு முறையும் நாற்காலியும் மைக்கும் அதே இடத்தில் இருக்கட்டும். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் குரல் மாறித் தெரியாது.

கேள்வி: ‘ப’ வருகிற இடமெல்லாம் ‘டம்’ என்று இடிக்கிறது. மைக்குக்கு முன்னால் வைக்கும் துணித் திரையான பாப் ஃபில்டர் போட்டும் போகவில்லை. – தஞ்சாவூர் வாசகி

பதில்: அது சத்தமாகத் தொடங்குவதில்லை, காற்றாகத் தொடங்குகிறது. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ‘பாப்பா, பப்பாளி’ என்று சொல்லுங்கள்; காற்று அடிப்பது தெரியும். அப்படியே கையைக் கடைவாய்ப் பக்கம் நகர்த்துங்கள், அடி நின்றுவிடும். மைக் இருக்க வேண்டிய இடம் அதுதான்: வாய்க்கு நேரே இல்லாமல் சற்றே ஓரமாக, ஆனால் வாயைப் பார்த்தபடி. பாப் ஃபில்டரை மைக்கோடு ஒட்டி வைத்தால் பலன் குறைவு. துணிக்கும் மைக்குக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விடுங்கள். ‘ச’, ‘ஸ’ சீறுவதும் இதே ஓர வைப்பில் கொஞ்சம் அடங்கும்.

ஏற்கெனவே பதிவானதில் இடி இருந்தால், அந்த எழுத்தை மட்டும் செலக்ட் செய்து, குறித்த அளவுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை 120 ஹெர்ட்ஸில் போடுங்கள். முழுப் பதிவுக்கும் 120 போட்டால் ஆண்குரல் இளைத்துவிடும். முழுமைக்கும் 80 போதும்.

கேள்வி: பதிவு செய்யும்போது மீட்டர் எவ்வளவு காட்ட வேண்டும்? – சேலம் வாசகர்

பதில்: நீங்கள் உரக்கப் பேசும் இடங்களில் மைனஸ் 12 டெசிபல். சிரிப்பு வெடித்தாலும் மைனஸ் 6-ஐத் தாண்டக்கூடாது. பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை முழுமையாக மீட்க வழியில்லை. 24 பிட்டில் பதிவு செய்தால் அளவு தாழ்ந்திருப்பது ஒரு குறையே இல்லை, பிறகு தாராளமாக ஏற்றலாம். கோப்பு வேவ் வடிவில், மோனோவாக இருக்கட்டும். ஒரு வாய்க்கு எதற்கு ஸ்டீரியோ?

கேள்வி: நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் இரைச்சல் போகிறது, ஆனால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போல ஆகிவிடுகிறது. – கோவை வாசகர்

பதில்: மாதிரி தவறு, அல்லது அளவு அதிகம். பெரும்பாலும் இரண்டும்.

பதிவைத் தொடங்கியதும் பத்து விநாடி அசையாமல் இருங்கள். மூச்சு, நாற்காலிக் கிறீச்சு எதுவும் வேண்டாம். எடிட்டிங்கில் அந்தப் பகுதியை மட்டும் செலக்ட் செய்து ‘கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்’ கொடுங்கள். அதில் ஒரு மூச்சு கலந்திருந்தாலும், குரலிலிருந்தும் மூச்சின் சாயல் உள்ளதையெல்லாம் சாஃப்ட்வேர் சுரண்டத் தொடங்கும். பிறகு முழுப் பதிவையும் செலக்ட் செய்து, ரிடக்ஷன் 6 டெசிபல், சென்சிடிவிட்டி 6 என்று தொடங்குங்கள். ஓகே கொடுக்கும் முன் ‘ரெசிட்யூ’வைத் தேர்ந்தெடுத்து ப்ரிவ்யூ கேளுங்கள். எடுத்தெறியப்படுவது மட்டும் அதில் ஒலிக்கும். வெறும் இரைச்சல் கேட்டால் சரி. சொற்கள் புரியும்படி கேட்டால் உங்கள் குரலையே வெட்டுகிறீர்கள் என்று பொருள். மறக்காமல் ‘ரெட்யூஸ்’ஸுக்குத் திருப்பி வைத்துவிட்டு ஓகே கொடுங்கள். 12 டெசிபலுக்கு மேல் தேவைப்பட்டால் திரும்பப் பதிவு செய்வதே மிச்சம்.

இந்தக் கருவி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு மட்டும்தான். காகம், ஹார்ன், குக்கர் விசில் இதற்கு அடங்காது. ‘ம்ம்ம்’ என்று அடியில் ஓடும் சத்தம் 50 ஹெர்ட்ஸ் மின்சார ரீங்காரமாக இருக்கலாம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். பலருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

கேள்வி: டொரோண்டோவில் இருக்கும் நண்பருடன் இணையவழி பேசிப் பதிவு செய்கிறேன். அவர் குரல் விட்டு விட்டு வருகிறது. – யாழ்ப்பாண வாசகர்

பதில்: இணைப்பு வழியே வந்த குரலை நம்பாதீர்கள். அவர் குரலை அவரும் உங்கள் குரலை நீங்களும் அவரவர் இடத்தில் பதிவு செய்யுங்கள். அவரிடம் மைக் இல்லையென்றால் இன்னொரு கைபேசியின் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். ஏரோப்ளேன் மோடில் வைத்து, அடிப்பக்கம் வாயை நோக்கி ஒரு சாண் தூரத்தில் நிற்கட்டும். இருவரும் வயர் உள்ள ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் உங்கள் குரல் அவர் பதிவிலும் ஏறிவிடும். புளூடூத் ஹெட்செட் வேண்டாம்: அதன் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பொதுவாகத் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

உங்கள் பக்கத்தில் அந்த அழைப்பையும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கை தட்டுங்கள், முடிவிலும் தட்டுங்கள். எடிட்டிங்கில் அழைப்புப் பதிவை மேலே வைத்து, அதில் தெரியும் கூர்முனைகளுக்கு நேராக இரண்டு பதிவுகளையும் நகர்த்துங்கள். தொடக்கம் பொருந்தி முடிவு பொருந்தாவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் மிகச் சிறிய அளவில் வேறுபடும். இடையில் மௌனமான இடங்களில் வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் சரியாகிவிடும். அவர் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜாக வந்தால் தரம் பிழியப்பட்டு வரும்.

கேள்வி: என் நிகழ்ச்சி மற்றவர்களுடையதைவிடச் சன்னமாகக் கேட்கிறது. – திருநெல்வேலி வாசகர்

பதில்: முதலில் உரத்த இடங்களை அடக்கும் கம்ப்ரெசர்: விகிதம் 3க்கு 1, அடக்கத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டு மைனஸ் 18 டெசிபல் அளவில் தொடங்கி, உரத்த இடங்களில் 4 முதல் 6 டெசிபல் குறையும்படி அமையுங்கள். பிறகு மொத்தச் சத்தத்தையும் குறித்த அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னஸ் நார்மலைசேஷன். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு). ஆடாசிட்டி தானாகக் காட்டும் மைனஸ் 23-ஐ மாற்றிவிடுங்கள். மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். கடைசியாக, உச்சம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர், மைனஸ் 1 டெசிபலில். எம்பி3 ஆக்கும்போது மோனோ 96 கேபிபிஎஸ் பேச்சுக்குத் தாராளம்; அரை மணி நேரம் ஏறக்குறைய 22 எம்பி வரும்.

கேள்வி: ‘வந்து’, ‘ஆ...’, மூச்சுச் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? – புதுச்சேரி வாசகி

பதில்: மூச்சை வெட்டாதீர்கள். மூச்சே விடாமல் பேசுகிறவரைக் கேட்டால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். உறுத்தினால் 6 டெசிபல் குறையுங்கள், போதும். ‘ஆ...’ வெட்டினால் அந்த இடத்தை வெறும் மௌனமாக விடாமல், முன்பு சொன்ன பத்து விநாடி அறைச் சத்தத்திலிருந்து ஒரு துண்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அறை மறைந்து மறைந்து வரும். வெட்டுமுனையில் ‘டிக்’ கேட்டால், செலக்ட் செய்தபின் இஸட் விசையைத் தட்டி, அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்துக்கு முனையை நகர்த்தி வெட்டுங்கள்.

‘வந்து’ கொஞ்சம் சிக்கல். தமிழில் அது முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். ‘அதுவந்து’ என்பதில் ‘வந்து’வை எடுத்தால் ‘அது’வின் கடைசி உகரமும் பாதியாக அறுபடும். முன்னும் பின்னும் இடைவெளி உள்ளவற்றை மட்டும் எடுங்கள். ஒட்டி நிற்பவை அப்படியே இருக்கட்டும்.