கால் பெருவிரல் வளைகிறது: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 52. இரண்டு கால்களிலும் பெருவிரலின் அடியில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வலது காலில் அதிகம். பெருவிரல் பக்கத்து விரலை நெருக்குவதால் மெட்டி உறுத்துகிறது. ஷூ போட்டால் வலி, வெறுங்காலில் அவ்வளவாக இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ‘இப்போதே ஆபரேஷன் செய்துவிடுங்கள், விட்டால் மோசமாகும்’ என்கிறார் ஒரு டாக்டர். இன்னும் மூன்று மாதத்தில், தையில், மகள் கல்யாணம். அதற்குள் முடித்துவிடலாமா?

பதில்: கல்யாணத்துக்கு முன் வேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டுமா என்பதை உங்கள் செருப்பை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்று எழுதியிருப்பார்கள். துருத்தி நிற்பது புதிதாக முளைத்த எலும்பு அல்ல. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீள எலும்பு, வருடக் கணக்கில் மெல்ல மறு காலின் பக்கமாக விலகுகிறது. விரல் நுனியோ சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டுதான் வெளியே முட்டுகிறது. பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. உங்கள் அம்மா, சித்தி கால்களைப் பார்த்தால் தெரியும். முனை குறுகிய செருப்பு அதை மோசமாக்கும். புடைப்பை மட்டும் செதுக்கி எடுத்தால் விரல் வளைந்தபடியேதான் இருக்கும். அதனால் இன்றைய ஆபரேஷன் என்பது எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ வைத்து நிறுத்துவது. சின்ன விஷயமில்லை.

‘விட்டால் மோசமாகும்’ என்பது பாதி உண்மை. வளைவு கூடலாம், எவ்வளவு, எத்தனை வருடத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளை வரப்போகும் வலிக்காக இன்றைக்கே வெட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அழகுக்காகச் செய்வதையும்தான். எக்ஸ்ரேயை நின்றுகொண்டு எடுத்தார்களா என்று பாருங்கள். படுத்து எடுத்தால் வளைவு குறைவாகத் தெரியும். 15 டிகிரி வரை இயல்பு, 40-ஐத் தாண்டினால் கடுமை. ஆனால் டிகிரி மட்டும் ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவிய வரி, ‘வெறுங்காலில் அவ்வளவாக இல்லை’ என்பதுதான். அப்படியென்றால் வலி பெரும்பாலும் தோலும் செருப்பும் உரசுவதால் வருகிறது. மூட்டு தேய்ந்திருந்தால் வெறுங்காலிலும் வலிக்கும். ஒன்று செய்யுங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாள் மேல் நின்று பாதத்தைச் சுற்றி பென்சிலால் வரையுங்கள். அதன் மேல் உங்கள் ஷூவை வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், இத்தனை நாள் எதில் காலைத் திணித்தீர்கள் என்பது புரியும். முன்பக்கம் அகலமாக, புடைப்பின் மேல் தையல் படாமல், வெல்க்ரோ பட்டையோடு வாங்குங்கள். சர்க்கரை இருப்பதால் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் நல்லது. விரல் இடுக்கில் வார் வரும் செருப்பு வேண்டாம்.

விளம்பரத்தில் வரும், விரல்களுக்கு நடுவே வைக்கும் சிலிக்கோன் இடைவைப்பானும், இரவில் கட்டும் பட்டையும் சிலருக்கு இதம் தரும். வளர்ந்தவர்களின் எலும்பை அவை நிமிர்த்துவதில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால் விரல் இடுக்குகளைத் தினமும் பாருங்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் புண் வருவதே தெரியாது. ஒரே இரவில் அந்த மூட்டு சிவந்து, போர்வை பட்டால்கூடத் துடிக்க வலித்தால் அது வேறு கதை, யூரிக் அமிலத்தால் வரும் ‘கவுட்’ என்ற மூட்டு நோயாக இருக்கலாம். புடைப்பின் மேல் தோல் உரிந்து புண்ணானால் அன்றைக்கே காட்டுங்கள்.

சில மாதங்கள் சரியான செருப்பு போட்டும் நடை குறைகிறது, வகுப்பில் நிற்க முடியவில்லை, இரண்டாவது விரல் எழும்பிப் பெருவிரல் மேல் ஏறுகிறது, அதன் அடியில் கல் குத்துவதுபோல் வலிக்கிறது என்றால் ஆபரேஷனுக்கு நானே சொல்வேன். அதற்கு முன் பாதத்தில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் பார்க்க வேண்டும். மூன்று மாத சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் பல சர்ஜன்கள் தள்ளிப்போடுவார்கள். பெரும்பாலும் ஒரு சமயத்தில் ஒரு கால்தான்.

பிறகு வருவதைத்தான் யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. முதல் இரண்டு வாரம் காலைத் தூக்கி வைத்தே இருக்க வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரம் தட்டையான, வளையாத விசேஷ செருப்பில் குதிகாலை ஊன்றி நடை. சாதாரண அகல ஷூ போட இரண்டு மூன்று மாதம். வீக்கம் முழுக்க வற்ற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட. ‘சின்னத் துளை வழியே செய்கிறோம், மறுநாளே நடக்கலாம்’ என்பார்கள். தழும்பு சிறிதாக இருக்கும், உண்மை. எலும்பு கூடுவதற்கு அதே வாரங்கள்தான். கல்யாண வீட்டில் விடிகாலையிலிருந்து நிற்கப்போகிற உங்களுக்கு இது ஒத்து வராது. செய்வதென்றே முடிவானால் கோடை விடுமுறை தொடங்கும்போது செய்யுங்கள். மெடிக்கல் லீவும் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோருக்கு வலி நன்றாகக் குறைகிறது. ஆனால் விரல் விறைத்துப்போவது, ஓரத்தில் மரத்துப்போவது, வலி பக்கத்து விரலின் அடிக்கு இடம் மாறுவது, தொற்று, வளைவு திரும்ப வருவது எல்லாம் உண்டு. ஆபரேஷன் செய்தாலும் குறுகிய ஷூவுக்குத் திரும்ப முடியாது.

சர்ஜனிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: எலும்பை வெட்டி நகர்த்தப் போகிறாரா, மூட்டையே இணைத்துவிடப் போகிறாரா? பெருவிரல் மூட்டை இணைத்தால் வலி போகும், விரல் மடங்காது. குதிகாலைத் தூக்கிக் குந்திக் கோலம் போடுவதும், விரல் மடித்துத் தரையிலிருந்து எழுவதும் கஷ்டம். தினமும் தரையில் என்னென்ன செய்வீர்கள் என்று அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.