சாம்பிராணிப் புகையும் டெல்லிக் குளிரும்: ஐந்து மாதக் குழந்தைக்கு ஆஸ்துமா வருமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. 36 வாரத்திலேயே சிசேரியனில் பிறந்தாள். கணவருக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததாம். இப்போது இல்லை, ஆனால் பால்கனியில் நின்று சிகரெட் பிடிக்கிறார். மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்; குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடத்தான் வேண்டும் என்கிறார். நவம்பர் வந்தால் காற்று மோசமாகிவிடும். குழந்தைக்கும் ஆஸ்துமா வந்துவிடுமா? குளிர் முடியும்வரை அவளை ஊருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: முதலில், நடந்து முடிந்தவற்றைப் பேசிவிடுவோம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கு வர வாய்ப்பு கூடுகிறது. குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் கொஞ்சம் கூடுதல்தான். நுரையீரல் முழுசாகத் தயாராகும் முன்பே அவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். சிசேரியனுக்கும் ஆஸ்துமாவுக்கும் ஒரு சின்னத் தொடர்பு பல ஆய்வுகளில் தெரிகிறது, ஆனால் சிசேரியனே காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் காப்பாற்றச் செய்த அறுவை சிகிச்சையை நினைத்து நீங்கள் ஒரு இரவுகூடத் தூக்கம் கெட வேண்டாம். இவை எல்லாம் வாய்ப்பைக் கூட்டுபவை, அவ்வளவுதான். இவையெல்லாம் இருந்தும் ஆஸ்துமா வராமல் வளரும் குழந்தைகள் நிறையப் பேர்.

இனி உங்கள் கையில் இருப்பது. வீட்டுக்குள் எழும் புகை.

ஐந்து மாதக் குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவை மூச்சு விடுகிறது. நாம் விடுவது 12 முதல் 16. எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை அது உள்ளே இழுக்கிறது. மூச்சுக்குழாயோ மிகக் குறுகல், கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். நுரையீரலின் காற்றுப் பைகள் வேகமாகப் பெருகுவதும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான். அதனால்தான் இந்த வயதில் புகை விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

சாம்பிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத் தலையை உலர்த்தவும் சளி பிடிக்காமல் இருக்கவும் பாசத்தோடு செய்து வந்த வழக்கம் அது. முற்றமும் திறந்த ஜன்னலுமாக இருந்த ஊர் வீட்டில் புகை சீக்கிரம் வெளியே போய்விடும். டிசம்பர் மாத டெல்லி ஃபிளாட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். போட்ட புகை மணிக்கணக்கில் உள்ளேயே நிற்கும். கரித்தணலில் போட்டாலும் சரி, கடையில் விற்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணி ஆனாலும் சரி, நுண்துகள் நுண்துகள்தான். மாமியாரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். குளியலை மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்கு மாற்றி, பருத்தித் துண்டால் நன்றாகத் துவட்டி, ஜன்னலோர வெயிலில் பாட்டி மடியில் பத்து நிமிடம் வைத்திருந்தால் தலை காய்ந்துவிடும். சளிக்கென்று கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி மார்பில் தடவுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம். கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம்.

கொசுவத்திச் சுருள் இதைவிட மோசம். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. தொட்டிலுக்குக் கொசுவலை கட்டிவிடுங்கள். ஊதுபத்தியைப் பூஜை அலமாரியில் கொளுத்தாமல், விளக்கை மட்டும் ஏற்றுங்கள்.

அப்புறம் உங்கள் கணவர். ஆஸ்துமாவைத் தூண்டும் காரணங்களில் மிக உறுதியாக நிரூபிக்கப்பட்டவற்றில் சிகரெட் புகையும் ஒன்று. பால்கனியில் பிடித்தாலும் புகை உள்ளே வரும், சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டும் வரும். இந்த ஒரு பழக்கத்தை அவர் விட்டால், விலை உயர்ந்த ஏர் பியூரிஃபையரைவிட மகளுக்கு அதிக நன்மை. சிறு வயதில் இழுப்பு இருந்தவர் என்பதால் அவருக்கே அது தேவை.

வெளிக்காற்று மோசம்தான், மறுக்கவில்லை. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில், ஒரு நாள் சராசரியாக, 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வரம்பு; உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. டெல்லியில் நவம்பரில் சில நாட்கள் 300-ஐத் தாண்டும். குளிர்காலத்தில் இரவிலும் விடியற்காலையிலும் மாசு தரையோடு படிந்து கிடக்கும், வெயில் ஏறினால் கொஞ்சம் மேலே கலையும். அதனால் ஜன்னலைத் திறப்பதானால் மதியம் திறங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அன்றைய அளவைப் பார்த்துக்கொள்ளலாம். பியூரிஃபையர் வாங்கினால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக, குழந்தை தூங்கும் அறைக்கு மட்டும் போதும். ஏசி இந்தத் துகள்களை வடிகட்டாது. வீட்டைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். பெட்டியில் கிடந்த ரஜாயை (பஞ்சு அடைத்த கனத்த போர்வை) இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுத் தட்டிய பிறகே எடுங்கள். உள்ளே தூசிப் பூச்சி குடியிருக்கும். சுவரில் ஈரக்கசிவு இருந்தால் பூஞ்சை வரும் முன் சரிசெய்துவிடுங்கள்.

ஊருக்கு அனுப்பலாமா? தாய்ப்பாலைப் பிரித்து அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. தாய்ப்பால் முதல் வருட மார்புத் தொற்றுகளையும் இழுப்பையும் குறைக்கிறது. 26 வார மகப்பேறு விடுப்பு உங்களுக்கு முடியப்போகிறது என்று நினைக்கிறேன். நீட்டிக்க முடிந்தால் இருவருமாக நவம்பரில் சில வாரம் போய் வரலாம். ஆனால் அங்கே சாம்பிராணி, சுருள், விறகடுப்பு இருந்தால் பயணத்தால் பலன் இல்லை.

வட இந்தியாவில் குளிர்காலம் ஆர்எஸ்வி என்ற வைரஸின் காலம். பெரியவர்களுக்குச் சாதாரண ஜலதோஷம், கைக்குழந்தைக்கு வீசிங், அதாவது இழுப்பு. ஒரு முறை வீசிங் வந்ததும் ஆஸ்துமா என்று முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-களில் பிறந்த குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வில், மூன்று வயதுக்குள் வீசிங் வந்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. தோலில் கரப்பான் (எக்ஸிமா) இருந்து, சளி இல்லாதபோதும் வீசிங் வந்தால்தான் கவலை கூடும். ஜலதோஷம் உள்ளவர்கள் கை கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். அடுத்த மாதம் ஆறு மாதம் முடிந்ததும் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். முதல் வருடம் ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ்.

குழந்தை தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க வயிறு ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.