கேபிள் முறுக்கேறினால் சுண்டெலி ஏன் ஒரே பக்கம் சுற்றுகிறது?

கேள்வி: நான் நரம்பியல் ஆராய்ச்சி மாணவி. சுண்டெலியின் ஹிப்போகாம்பஸில் (மூளையில் நினைவுக்கும் இட உணர்வுக்கும் உரிய பகுதி) 32 மின்முனைகள் பொருத்தி, அது தடையின்றி ஓடியாடும்போது ஒரு மணி நேரம் பதிவு செய்கிறேன். பாரம் குறையட்டும் என்று மெல்லிய கேபிளுக்கு மாறினேன். இப்போது முன்பைவிட அதிகமாக முறுக்கேறுகிறது. மேலே ஸ்லிப் ரிங் (மின்தொடர்பு அறாமல் கேபிளைச் சுழலவிடும் இணைப்பு) இருக்கிறது, கப்பியில் எதிர் எடையும் தொங்குகிறது. ஆனாலும் அரை மணி நேரத்துக்குப் பிறகு சுண்டெலி ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. பதிவிலும் திடீர்த் துள்ளல்கள். வயர்லெஸ்ஸுக்கு மாறிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். மெல்லிய கேபிளும் மோட்டார் இல்லாத ஸ்லிப் ரிங்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. உங்கள் தொல்லையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்த ரிங் தானாகச் சுழலாது. கீழேயிருந்து கேபிள் வழியாக வரும் முறுக்குவிசைதான் அதைத் திருப்ப வேண்டும். தடித்த கேபிள் அந்த விசையை மேலே கொண்டுபோகும். மெல்லியது கொண்டுபோகாது, தன்மேல் தானே சுருண்டுகொள்ளும். சுருளச் சுருள நீளம் குறைந்து, விலங்கின் தலையை மேல்நோக்கி இழுக்கும்.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். தலையில் மாட்டும் சிறு மின்சுற்றான ஹெட்ஸ்டேஜைக் கழற்றிவிட்டு, கேபிளின் கீழ்முனையை இரு விரல்களுக்கு இடையே பிடித்து மெல்ல உருட்டுங்கள். மேலே ரிங் அசைவதற்குள் எத்தனை சுற்று உருட்ட வேண்டியிருக்கிறது? அரைச் சுற்றில் அசைந்தால் கவலையில்லை. மூன்று சுற்று ஆகியும் அசையவில்லை என்றால் அந்த முறுக்கு முழுவதும் 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் கழுத்தில்தான் நிற்கிறது. 300 கிராம் எடையுள்ள பெரிய எலி அதே ரிங்கை எளிதாகத் திருப்பிவிடும். பெரிய எலிக்கு வாங்கிய சாமான்களைச் சுண்டெலிக்கும் மாட்டிவிடுவது பல ஆய்வகங்களில் நடக்கிற கூத்து.

இதற்குத் தீர்வு மோட்டார் பொருத்திய கம்யூட்டேட்டர், அதாவது மோட்டாரே திருப்பிவிடும் ஸ்லிப் ரிங். பழைய வகை, கேபிளில் முறுக்கு ஏறிய பிறகு அதை உணர்ந்து சுழலும். புதிய வகைக்கு முறுக்கே தேவையில்லை: ஹெட்ஸ்டேஜில் உள்ள திசையுணரி தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல, மோட்டார் அதே அளவு திரும்பும். ஓனிக்ஸ் என்ற திறந்த மூல அமைப்பு இந்த வழியில்தான் சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கோஆக்சியல் கேபிளைக்கூடச் சமாளிக்கிறது. மோட்டாருக்குப் பணம் இல்லையென்றால் பழைய தடித்த கேபிளுக்கே திரும்புங்கள், அல்லது பதிவு நேரத்தைக் குறையுங்கள். இரண்டுமே கௌரவக் குறைவு அல்ல.

அடுத்தது எதிர் எடை. கப்பியின் ஒரு பக்கம் 4 கிராம் கேபிள், மறுபக்கம் 4 கிராம் எடை என்றால் பாரம் சமன்படுகிறது, நிறை கூடுகிறது. சுண்டெலி பாய்ந்து எழும்போது கேபிளோடு அந்த 4 கிராமையும் சேர்த்து அசைக்க வேண்டும். சட்டென நிற்கும்போது அதுவே வெட்டி இழுக்கும். கப்பிக்குப் பதில் நெம்புகோல் வையுங்கள். கிணற்றுத் துலாவின் அடிமுனையில் கல்லைக் கட்டுவார்களே, அதே கணக்கு. கேபிள் பக்கம் 30 செ.மீ., மறுபக்கம் 3 செ.மீ. தள்ளி 40 கிராம். பாரம் அப்படியே சமன்படும், ஆனால் எதிர் எடையால் சுண்டெலி உணரும் கூடுதல் நிறை 0.4 கிராம்தான். கம்பின் சொந்த நிறை தனி. அதனால் மெல்லிய கார்பன் ஃபைபர் குச்சி நல்லது. சிறிய ஸ்லிப் ரிங் என்றால் அதைக் கம்பின் நுனியிலேயே மாட்டலாம், அதன் எடையையும் சேர்த்துச் சமன்செய்யுங்கள். மோட்டார் வகை கனமானது, மேலேயேதான் இருக்க வேண்டும். அப்போது அதன் சுழலும் பகுதியிலிருந்து ஒரு எலாஸ்டிக் நூலைத் தொங்கவிட்டுக் கேபிளைத் தாங்கச் செய்யுங்கள். நூல் நீளமாகவும் இளக்கமாகவும் இருந்தால் சுண்டெலி பின்னங்கால்களில் எழுந்தாலும் இழுவிசை அதிகம் மாறாது. அது எழும்போது தளர்ந்த கேபிள் முகத்துக்கு முன்னால் வளையமாக விழக் கூடாது. விழுந்தால் கடிக்கத்தான் செய்யும்.

துள்ளல்களுக்கு வருகிறேன். உங்கள் ஹெட்ஸ்டேஜ் தலையிலேயே சமிக்ஞையை எண்களாக மாற்றும் வகை என்றால், கேபிள் ஆடுவதால் மட்டும் அனலாக் இரைச்சல் ஏறாது. எல்லாச் சேனல்களும் ஒரே கணத்தில் உச்சத்துக்குத் தாவினாலோ உறைந்துபோனாலோ கேபிள் முறிவையும் ரிங்கின் தொடர்பையும் சந்தேகியுங்கள். கேபிள் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை, கனெக்டரை ஒட்டிய இரு முனைகளில்தான் முறியும். அந்த இடங்களை ஆட்டிப் பாருங்கள். தீனி மெல்லும்போது மட்டும் வருவது தாடைத் தசையின் மின்னோட்டமாக இருக்கலாம். ரெஃபரன்ஸ் ஸ்க்ரூவையும் (ஒப்பீட்டு மின்முனையாகப் பயன்படும் திருகு) மண்டையோட்டில் அதன் பிடிப்பையும் பாருங்கள்.

ஏற்கெனவே எடுத்த பதிவுகளை வீசிவிடாதீர்கள். வீடியோவில் முதல் பத்து நிமிடத்தின் இடது, வலது திருப்பங்களை எண்ணி, கடைசிப் பத்து நிமிடத்தோடு ஒப்பிடுங்கள். சமமாகத் தொடங்கியது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அது முறுக்கு அவிழும் திசைதானா என்றும் பாருங்கள். ஆம் என்றால் பிற்பகுதியை நடத்தை ஆய்வுக்கு எடுக்காதீர்கள்.

வயர்லெஸ்ஸுக்கு உரிய இடம் வேறு. 2013இல் யார்ட்செவ், உலானோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் பறக்கும் வௌவால்களின் இட உயிரணுக்களை, அதாவது விலங்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது துடிக்கும் நரம்பணுக்களை, வயர்லெஸ்ஸில் பதிவு செய்தார்கள். அங்கே கேபிளுக்கு வழியே இல்லை. இரண்டு விலங்குகளை ஒன்றாக விடும்போதும் அப்படித்தான். உங்களுக்கோ 32 சேனல், நொடிக்கு 30,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்றால் நொடிக்கு 15.36 மெகாபிட். அதை ஒரு மணி நேரம் அனுப்பவோ சேமிக்கவோ பேட்டரி வேண்டும், அது சுண்டெலியின் தலையில் உட்கார வேண்டும். தலைச்சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. உங்களுக்கு அது 2.5 கிராம். விலை கேட்பதற்கு முன், பேட்டரியோடு சேர்த்து அந்தக் கருவியின் எடைக்குச் சமமான ஒரு போலியைச் செய்து, சில நாள் மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள்.