பக்கத்து இருக்கை பேசாதபோது: ஓட்டுநர் தேர்வு பற்றிய வாசகர் கேள்விகள்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமத்துக்கான செயல்முறைத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது, பழகுநர் உரிமம் எத்தனை மாதம் செல்லும், எவ்வளவு கட்டணம் என்பவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை அவரவர் நாட்டுப் போக்குவரத்துத் துறை வெளியிடும் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். எங்கு ஓட்டினாலும் மாறாதவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று மாதமாகக் கார் பழகுகிறேன். தேர்வுக்குத் தேதி கிடைக்கவே பல வாரங்கள் ஆகும், இப்போதே பதிந்து வைத்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எப்போது பதிவது சரி?

பதில்: மாதக் கணக்கை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நான் கேட்பது ஒன்றைத்தான்: உங்களுக்குப் பழக்கமில்லாத சாலையில், வண்டிகள் நிறைந்த நேரத்தில், முக்கால் மணி நேரம் ஓட்டும்போது உங்கள் பயிற்சியாளர் ஒரு வார்த்தை கூடப் பேசாமல், தன் பக்கத்து பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங் பக்கம் கையை நீட்டாமல் உட்கார்ந்திருக்க முடிகிறதா? அப்படிப்பட்ட பயணம் தொடர்ந்து மூன்று முறை அமைந்துவிட்டால் நீங்கள் தேர்வுக்குத் தயார். ஒரு முறை கூட அமையவில்லை என்றால், நாளைக்கே தேதி கிடைத்தாலும் அது உங்களுக்கு உதவாது.

காத்திருப்பு நீளமாக இருக்கும் இடங்களில் உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இன்னும் எத்தனை வாரம் பழக வேண்டியிருக்கும் என்று பயிற்சியாளரிடமே கேட்டு, அதற்குப் பின் வரும் தேதியைப் பதிந்துகொள்ளுங்கள். கட்டணத்தை இழக்காமல் தேதியை மாற்ற எந்த நாள் வரை அனுமதி உண்டு என்பதைப் பதியும்போதே படித்துக் குறித்து வையுங்கள். தேர்வு நாளன்று உங்கள் பழகுநர் உரிமம் காலாவதி ஆகாமல் இருக்குமா, எல்லா ஆவணங்களிலும் பெயர் ஓரெழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பதியும்போதே பாருங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த ஒரு காரணத்தால் வண்டியில் ஏறாமலேயே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். தானியங்கி கியர் வண்டியில் தேர்வு எழுதினால் பிரிட்டன் உட்படப் பல நாடுகளில் அந்த வகை வண்டியை மட்டுமே ஓட்ட முடியும் என்பதால், எந்த வண்டியில் தேர்வுக்குப் போவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பதிவை அரசின் இணையதளத்திலோ அலுவலகத்திலோ மட்டுமே செய்யுங்கள். தேர்வே இல்லாமல் உரிமம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அப்படி வாங்கும் அட்டை உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்பதற்குச் சான்று ஆகாது. அதை நம்பிச் சாலையைக் கடக்கப்போவது வேறு யாருடைய குழந்தையோ.

கேள்வி: எனக்கு 52 வயது. வகுப்பில் நன்றாகவே ஓட்டுகிறேன். ஆனால் பயிற்சியாளர் வண்டியை விட்டு இறங்கிவிட்டால் கை நடுங்குகிறது. எப்படித் தயாராவது?

பதில்: உங்கள் கை நடுங்குவதற்கு வயது காரணம் இல்லை. இதுவரை நீங்கள் பாதி அவருடைய கண்களால் ஓட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இதை நான் ஒரு மாணவியிடமிருந்து கற்றேன். அவர் தடம் மாறும் ஒவ்வொரு முறையும் கச்சிதமாகக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் மாறுவார். நானும் பெருமையாக இருந்தேன். ஒரு நாள் கழுத்து பிடித்துக்கொண்டதால் தலையைத் திருப்பாமல் நேராகவே உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் சந்திப்பிலேயே அவர் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார். அப்போதுதான் புரிந்தது: இத்தனை நாளும் நான் என்னை அறியாமல் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பியிருக்கிறேன், அவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துத் தானும் திருப்பியிருக்கிறார். அன்றிலிருந்து பயிற்சியின் கடைசி வாரங்களில் கையை மடியில் வைத்து, தலையை அசைக்காமல் உட்காருகிறேன்.

உங்கள் பயிற்சியாளரிடமும் இதையே கேளுங்கள். ‘இன்று வழியை மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம், ஆபத்து வந்தால் மட்டும் தலையிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள். முதல் நாள் தடுமாற்றமாக இருக்கும். அந்தத் தடுமாற்றம் தேர்வில் வருவதைவிட வகுப்பில் வருவது நல்லது.

அவர் பேசாத இடத்தை நீங்கள் பேசி நிரப்பலாம். பிரிட்டனில் காவல் துறையின் உயர்நிலை ஓட்டுநர் பயிற்சியில் பயன்படும் முறை இது: கண்ணில் படுவதையும் அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. ‘முன்னால் பேருந்து நிற்கிறது, அதன் மறைவிலிருந்து யாராவது வரலாம், கண்ணாடியைப் பார்க்கிறேன், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நெருங்குகிறது, வேகத்தைக் குறைக்கிறேன்.’ பேச்சு எங்கே தடைபடுகிறதோ அங்கே உங்கள் பார்வையும் தடைபட்டிருக்கிறது என்று பொருள். இரண்டு வாரம் இப்படி ஓட்டினால், பிறகு வாயை மூடிக்கொண்டாலும் மனது தானாகச் சொல்லிக்கொண்டே வரும். நடுக்கம் வந்து உட்கார அதில் இடம் இருக்காது.

மழையிலும் இருட்டிலும் ஒரு முறையாவது ஓட்டிப் பழகுங்கள். வாரம் ஒரு நாள் நான்கு மணி நேரம் ஓட்டுவதைவிட, நாள்விட்டு நாள் ஒரு மணி நேரம் ஓட்டுவது கையில் நன்றாகப் படியும்.

கேள்வி: கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓட்டினேன். ஆனால் ‘பார்க்கவில்லை’ என்று தேர்வாளர் எழுதியிருக்கிறார். உண்மையில் அவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

பதில்: நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் எப்போது பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. கண்ணாடியைப் பார்ப்பது இண்டிகேட்டர் போடுவதற்கு முன், வேகத்தைக் குறைப்பதற்கு முன், திரும்புவதற்கு முன் நடக்க வேண்டும். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பவர், முடிவு எடுத்த பிறகு யோசிக்கிறார். தேர்வாளர் குறித்தது அதையாகத்தான் இருக்கும்.

பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவிந்த வடிவில் இருப்பதால், அவற்றில் தெரியும் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோல் தோன்றும். எந்தக் கண்ணாடியிலும் விழாத பகுதியும் வண்டியின் இரு பக்கமும் உண்டு. ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக அதில் மறைந்துவிடும். ஓரத்திலிருந்து கிளம்பும்போதும் தடம் மாறும்போதும் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பது அதற்காகத்தான். தேர்வாளருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலையைப் பெரிதாக ஆட்டச் சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சொல்லித் தருவதில்லை. பார்த்தீர்களா என்பதற்கு உங்கள் அடுத்த செயலே அத்தாட்சி. பின்னால் வண்டி வருவதைக் கண்டு நீங்கள் ஒரு கணம் பொறுத்தால், கழுத்து எவ்வளவு திரும்பியது என்று யாரும் அளக்க மாட்டார்கள்.

மதிப்பெண் போடும் முறை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் சிறு பிழைகள் 15 வரை பொறுத்துக்கொள்ளப்படுகின்றன, ஆனால் கடுமையான பிழை ஒன்று நேர்ந்தாலே தோல்வி. இந்த ஏற்பாட்டில் ஓர் அறிவு இருக்கிறது. கியர் சற்று முரட்டுத்தனமாக மாறியதைத் தேர்வாளர் மன்னிப்பார். பாதசாரி கால் வைத்த பிறகும் நிற்காமல் போனதை மன்னிக்க மாட்டார்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. கியர் கம்பியைக் குனிந்து பார்க்கும் அந்த ஒரு நொடியில் மூன்று கார்களின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறீர்கள். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் நான்கு மடங்காகிறது. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததிலிருந்து நீங்கள் அதே கம்பத்தை எட்ட இரண்டு நொடியாவது ஆக வேண்டும், ஈரச் சாலையில் அதைப்போல் இரண்டு பங்கு ஆக வேண்டும் என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான். அதற்காக ஊர்ந்து போகவும் கூடாது. காரணமில்லாமல் தயங்கிப் பின்னால் வருபவர்களை நிறுத்தி வைப்பதும் பிழையாகவே எழுதப்படும்.

கேள்வி: மேட்டில் வண்டி பின்னால் உருள்கிறது, அல்லது ஆஃப் ஆகிவிடுகிறது. ரிவர்ஸ் எடுப்பதும் பயமாக இருக்கிறது.

பதில்: மேட்டில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சினின் சத்தம் சற்றே தாழும், வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை எழும்பும். காலை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, ஹேண்ட் பிரேக்கை விட்ட பதற்றத்தில் கிளட்சிலிருந்தும் காலை எடுத்துவிடுவது. ஆளில்லாத ஒரு சரிவில் இதை ஐம்பது முறை செய்யுங்கள், சத்தத்தை வைத்தே கால் நின்றுவிடும்.

ரிவர்ஸில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நடை வேகத்தைவிட மெதுவாக வாருங்கள். கேமராவை மட்டும் நம்பாமல் பின்கண்ணாடி வழியாகவும் பாருங்கள். திரும்பும்போது வண்டியின் முன்பக்கம் எதிர்த் திசையில் வெளியே வீசும் என்பதை மறக்க வேண்டாம். யாராவது குறுக்கே வந்தால் நின்று வழிவிடுங்கள்.

கேள்வி: தேர்வு நாளன்று என்ன செய்ய வேண்டும்? பதற்றத்துக்கு மாத்திரை ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இதுவரை சாப்பிட்டுப் பழகாத எந்த மாத்திரையையும் அன்று தொடாதீர்கள். சளிக்குப் போடும் சாதாரண மாத்திரைகளில்கூடத் தூக்கம் வரவழைப்பவை உண்டு. வழக்கமாக மருந்து எடுப்பவர்கள், வண்டி ஓட்டலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தைய இரவு தூங்குங்கள். கண்ணாடி அணிபவர்கள் அதை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். குறிப்பிட்ட தூரத்திலிருந்து ஒரு வண்டியின் எண்ணைப் படிக்கச் சொல்லித் தேர்வைத் தொடங்கும் நாடுகள் உண்டு, பிரிட்டனில் அது 20 மீட்டர். பழகிய வண்டியிலேயே, பழகிய செருப்பிலேயே போங்கள். புறப்படும் முன் எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்று ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள்.

வண்டியில் ஏறியதும் இருக்கை, கண்ணாடிகள், பெல்ட் என்று வரிசையாகச் சரிசெய்யுங்கள். அதன்பின் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வழி சொல்வதைத் தவிர வேறு பேச மாட்டார். அந்த மௌனத்தைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு கலங்கியவர்கள் ஏராளம். அவர் உங்கள் கவனத்தைக் கலைக்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். அவர் சொன்னது புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள், அதற்கு மதிப்பெண் குறையாது. தவறான தெருவில் திரும்பிவிட்டாலும், ஒழுங்காகப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியிருந்தால் பொதுவாக அது பிழை ஆகாது. கடைசி நொடியில் வெடுக்கென்று ஸ்டீயரிங்கை ஒடிப்பதுதான் பிழை.

வண்டி ஆஃப் ஆகிவிட்டால் ஹேண்ட் பிரேக், நியூட்ரல், மறுபடி ஸ்டார்ட், சுற்றிலும் ஒரு பார்வை, பிறகு புறப்பாடு. நடந்த பிழையை எண்ணிக்கொண்டே ஓட்டாதீர்கள். என் மாணவர்களில் பலரைத் தோற்கடித்தது முதல் பிழை அன்று. அதையே நினைத்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்குள் நுழைந்தபோது செய்த இரண்டாவது பிழை.

கேள்வி: இரண்டு முறை தோற்றுவிட்டேன். வீட்டில் முகம் கொடுக்க முடியவில்லை. உடனே மறுபடி பதியட்டுமா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. அதை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டிய குற்றம் எதையும் நீங்கள் செய்யவில்லை. பிறகு இரண்டு மதிப்பீட்டுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால் நல்ல செய்தி, சரிசெய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வெவ்வேறு பிழைகள் என்றால் ஓட்டம் இன்னும் நிலைப்படவில்லை, கூடுதலாகச் சில வாரங்கள் பழக வேண்டும். தாள் தராத இடமாக இருந்தால் தேர்வாளரிடம் பணிவாகக் கேளுங்கள், சொல்வார்கள்.

மறுதேர்வுக்குச் சட்டமே இடைவெளி வைத்திருக்கிறது. இந்தியாவில் 7 நாட்கள், மூன்று முறை தோற்றால் 60 நாட்கள். பிரிட்டனில் குறைந்தது 10 வேலை நாட்கள். அந்த இடைவெளியைத் தண்டனையாக எண்ணாமல், தோற்ற அதே சந்திப்புக்கு அதே நேரத்தில் பயிற்சியாளருடன் போய், அவரைப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: இப்படி ஒரு தேர்வு எப்போதிலிருந்து இருக்கிறது?

பதில்: பாரிஸ் நகரக் காவல் துறை 1893-லேயே வண்டி ஓட்டுபவர்களுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்றது. பிரிட்டனில் 1935 மார்ச்சில் விருப்பத் தேர்வாகத் தொடங்கி, அதே ஆண்டு ஜூன் 1 முதல் கட்டாயமானது. அப்போது தேர்வு மையங்களே கிடையாது. பூங்கா, ரயில் நிலையம் போன்ற ஏதாவதோர் இடத்தைக் குறித்துக்கொண்டு தேர்வாளரும் தேர்வு எழுதுபவரும் அங்கே சந்தித்துக்கொள்வார்களாம்.

கேள்வி: தேர்ச்சி பெற்றுவிட்டேன்! நாளை முதல்முறையாகத் தனியாக ஓட்டப் போகிறேன். ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: மனமார்ந்த வாழ்த்துகள். நாளை பகல் நேரத்தில், நன்கு தெரிந்த சாலையில், அரை மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். நண்பர்களை ஏற்றிக்கொள்வதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். புதிதாக ஓட்டும் இளைஞர்களுக்கு, ஒத்த வயதினர் உடன் வரும்போது விபத்து அபாயம் கூடுகிறது என்பது ஆய்வுகளில் உறுதியானது. பயிற்சியின்போது செய்ததுபோல், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள், கேட்க யாரும் இல்லை. கைப்பேசியின் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். பக்கத்து இருக்கை காலியாகத்தானே இருக்கிறது என்று அதில் பையை வைக்காதீர்கள். முதல் பிரேக்கில் அது கீழே சரியும், கை தன்னையறியாமல் அதைப் பிடிக்கப் போகும். பையைப் பின்பக்கம் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுங்கள்.