கேட்க ஆளில்லாத கதைகள்

கேள்வி:
எனக்கு வயது 69. ஓய்வுபெற்ற ஆசிரியை. பேரப்பிள்ளைகளிடம் ஏதாவது சொல்ல ஆரம்பித்தாலே, "இதை அன்னைக்கே சொல்லிட்டீங்களே பாட்டி" என்கிறார்கள். மகன் செல்போனிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அப்பா போன பிறகு தம்பி தங்கைகளை நான் படிக்க வைத்தது, வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்கியது எல்லாம் இவர்களுக்குத் தெரிய வேண்டாமா? எழுதிவைக்க நோட்டுகூட வாங்கினேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று மூடிவிட்டேன். மகள் மட்டும் எப்போதாவது கேட்பாள். அவளும் போன மாதம், "ரெண்டாம் வகுப்புல என்னை ஏம்மா ஒரு வருஷம் பெரியம்மா வீட்டுல விட்டீங்க?" என்றாள். நான் உடம்பும் மனசும் சரியில்லாமல் கிடந்த காலம் அது. எதற்குக் கிளற வேண்டும் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அது கிடக்கட்டும். பெரியவர்கள் பட்ட பாடு இந்தத் தலைமுறைக்கு வேண்டவே வேண்டாமா? எல்லாம் என்னோடு போய்விடுமா?

பதில்:
அம்மா, "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில் நான் நின்றுவிட்டேன். கதை கேட்க ஆளில்லை என்கிறீர்கள். மகள் கேட்டிருக்கிறாளே! நீங்கள்தான் சொல்லவில்லை.

முதியவர்கள் பழையதையே பேசுவது புலம்பல் அல்ல, வாழ்ந்ததைச் சரிபார்த்துக்கொள்ளும் இயல்பான மன வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இல் எழுதினார். அதனால் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதில் குறையில்லை. ஆனால் ஜெயித்த கதையை மட்டும் கேட்டால், பிள்ளைகள் காதில் அது அறிவுரையாகத்தான் விழும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. எழுந்ததோடு விழுந்ததையும் சொல்லும் குடும்பக் கதையே பிள்ளைகளுக்குத் தெம்பு என்பது டியூக்கின் கருத்து.

அந்த ஒரு வருடம் உங்களுடையது மட்டுமா? காரணம் சொல்லாமல் விட்டால், சின்னக் குழந்தைகள் பழியைத் தங்கள்மீதே போட்டுக்கொள்வார்கள்: நான் படுத்தினேன், அதான் அனுப்பிவிட்டார்கள் என்று. அவள் உங்கள் நோயை விசாரிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தான் வேண்டாதவளாக இருந்தோமா என்று கேட்கிறாள். மாற்றியது பேச்சைத்தான், அவள் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

எல்லா விவரமும் வேண்டாம், எவ்வளவு சொல்வது என்பது உங்கள் உரிமை. "எனக்கு அப்ப முடியல, உன்மேல எந்தத் தப்பும் இல்லை" என்று தொடங்குங்கள். அவளுக்கு நினைவிருப்பதையும் கேளுங்கள். நீங்கள் அறியாத பாதி அவளிடம் இருக்கும். நோட்டை அப்புறம் திறக்கலாம். மகனின் செல்போனை அடுத்த கடிதத்தில் பார்த்துக்கொள்வோம்.