பழைய துப்பாக்கியின் பித்தளையைப் புளி போட்டுத் துலக்கலாமா?

காரைக்குடி வீட்டுப் பரணில் இருந்த, குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் பித்தளைப் பாகங்கள் கறுத்துவிட்டதாகவும், குத்துவிளக்கைப்போல் புளியும் உப்பும் தேய்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். விசையைச் சுற்றிய வளையமும் கட்டையின் அடித்தகடும் மரத்தில் பதிந்து இரும்புத் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருப்பதால், புளித்தண்ணீர் இடுக்குகளில் இறங்கி மரத்தை ஊறவைக்கும். உப்பு, திருகாணியைத் துருப்பிடிக்க வைக்கும். அமிலம் நெடுநேரம் பட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பு நிறமாகச் சிவந்துவிடும்.

அதற்கும் முன்னால், குழலில் மருந்து இருக்கக்கூடும் என்றே கருதுங்கள், ஏனெனில் பழைய கருமருந்து இன்றும் வெடிக்கும். உரிமம் இல்லையெனில் காவல் நிலையத்தில் தெரிவித்து, விவரம் தெரிந்தவர் குழலைச் சோதித்த பிறகே கை வையுங்கள்.

துலக்கும் வேலை எளியது. பச்சைக் களிம்பின்மேல் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து, கூர்சீவிய மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு அமோனியா கலவாத மென்மையான பாலிஷை, பழைய பருத்தி வேட்டித் துணியில் சிறிதளவே தொட்டு, மரத்தில் படாமல் தேய்க்கலாம். அடித்தகட்டில் எழுத்தோ எண்ணோ முத்திரையோ இருந்தால் அவ்விடத்தைத் தேய்க்கவே கூடாது; துப்பாக்கியின் வரலாற்றுக்குச் சான்று அதுதான். சீரான பழுப்பு நிறத்தை அப்படியே விட்டுவிடுவதே என் விருப்பம். முடிவில் தேன்மெழுகை மெல்லியதாகப் பூசி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.